கெடச்சது

"மெழுகு கையில ஊத்திக்கிச்சு ரூபி, இப்ப நெனச்சாலும் எரியுது" என்றான் அண்ணன் ரெக்ஸ், மூன்றாம் நாள். ரூபிக்குச் சிரிப்பு வந்தது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

கல்லூரியில் அவள் உளவியல் படிக்கிறாள். அதில் ஒரு பயிற்சி. வீட்டு ஆள் ஒருவரிடம் அவருடைய சின்ன வயது நிகழ்ச்சிகள் மூன்றைச் சொல்லி, கூடவே ஒரு பொய்யையும் கலந்துவிட வேண்டும். ஒரு வாரத்தில் பொய்யும் ஞாபகம் வருகிறதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஞாபகம் என்பது எடுத்து வைத்த போட்டோ இல்லையாம், ஒவ்வொரு தடவையும் புதிதாக வடிக்கிற சோறாம். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே! ஏழு வயதில், எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றுகிற கல்லறைத் திருநாளன்று நீ கல்லறைத் தோட்டத்தில் தொலைந்துபோனாய் என்று அண்ணனிடம் அளந்துவிட்டாள்.

ஆறாம் நாள் சாயங்காலம். குருசுக்குப்பத்துக் கடல் காற்றில் ஜன்னல் கதவு மெதுவாக அடித்துக்கொள்ள, சமையலறையிலிருந்து மீன் கவிச்சியும் அதற்கடியில் வாடிய சாமந்தி வாசமும் சேர்ந்து வீசின. வீட்டில் யாரும் பூ வாங்கவில்லை. ரெக்ஸ் அழுதுகொண்டிருந்தான்.

"நா தொலையல ரூபி. ஒன் கையத்தான் விட்டுட்டேன்."

"அண்ணா, அது நா கட்டின கதை. காலேஜுக்கு."

அவன் நம்பவில்லை. ரூபி அம்மாவிடம் ஓடினாள். ஆனந்தமேரி வஞ்சிரம் அரிந்துகொண்டிருந்தாள். கேட்டதும் கை நின்றது.

"ஒனக்கு யார் சொன்னது? சொல்லவே கூடாதுன்னு ஒங்கப்பா சத்தியம் வாங்கினாரே."

"அம்மா! நானே கட்டினதும்மா!"

"ரூபிக்கு அப்ப நாலு வயசு. ஒரு மணி நேரம் தேடினோம். கடைசியில ஒரு சமாதிக்குப் பின்னால நின்னுச்சு. அதே கவுனு, அதே மொகம். கையி மட்டும் சில்லுனு. ஏதோ ஒண்ணு கெடச்சுதே, அது போதும்னு தூக்கியாந்தோம்."

நின்னுச்சு. கெடச்சுது. குழந்தையை அப்படிச் சொல்வதுதான் வழக்கம், செல்லம்தான் என்று ரூபி தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனால் அம்மா நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பின்னாலேயே வந்து நின்ற அண்ணனிடம்தான் பேசினாள்.

"ரெக்ஸு, அதை உள்ள போகச் சொல்லு. பயமா இருக்கு."

ரூபி பின்வாங்கினாள். அம்மா அம்மாதான், நான் இந்த வீட்டுப் பெண்தான். நாலு வயதுக்கு முன்னால் நடந்தது ஒன்றே ஒன்று போதும், சொல்லி நிரூபித்துவிடலாம். அறைக்குள் போய்க் கண்ணை மூடினாள். தேடினாள்.

ஒன்றுமில்லை.

இருட்டு. ஈர மண்.

பிறகு வந்தது.

நிறைய வெளிச்சப் புள்ளிகள். சிலுவைக்குப் பின்னால் அவள் குந்தியிருக்கிறாள். வெகு காலமாக. ஒரு பையன் தங்கையின் கையை விடுகிறான். குழந்தை தனியாக நடந்து வருகிறது. பார்க்கிறது. சிரிக்கிறது.

அதன் வாயைப் பொத்துகிறாள்.

ரூபி கண்ணைத் திறந்தாள். உள்ளங்கையில் சின்னப் பற்கள் கடித்துக்கொண்டிருந்தன.