மூன்று சுற்று டேப்

அந்தப் பாய்மரப் படகுக்குள் இனி காலெடுத்து வைப்பதில்லை என்றுதான் மூன்று வருடமாக இருந்தேன். ஆனால் கூப்பிட்டது அக்கா. அவள் பேச்சைத் தட்ட எனக்கு மனம் வராது.

"நாளைக்குக் காலைல பாப்பா தனியா கடலுக்குப் போறா, தம்பி. புது ரேடியோவ நீயே வந்து மாட்டிக் குடு. வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்."

பாப்பா அக்காவின் மகள். வளர்ந்து ஆளான பிறகும் எங்களுக்கு அவள் பாப்பாதான்.

படகுகளுக்கு வயரிங் செய்வதுதான் என் பிழைப்பு. மூன்று வருடத்துக்கு முன் இதே படகில் அத்தானுக்கு ரேடியோ மாட்டியதும் நான்தான். ஆன்டெனா பாய்மரத்தின் உச்சியில் இருக்கும். அதன் கேபிள் மரத்துக்குள்ளேயே இறங்கி, கீழே படகின் அறைக்குள் ரேடியோ கேபிளோடு சேரும். சேருமிடத்தில் ஈயம் உருக்கிப் பற்றவைக்க வேண்டும். அன்று சால்டரிங் அயர்ன் சூடேற நேரமாயிற்று. எனக்கோ பொறுமை கிடையாது. கம்பிகளைக் கையால் முறுக்கி, மேலே மூன்று சுற்று டேப் ஒட்டிவிட்டேன். துறைமுக அலுவலகத்தைக் கூப்பிட்டுப் பார்த்தேன், நன்றாகக் கேட்கிறது என்றார்கள். கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு பேசினால் கேட்காமல் என்ன செய்யும்!

"ஈயம் வெச்சாச்சா, மாப்ள?" என்று கேட்டார் அத்தான்.

"வெச்சாச்சு அத்தான்" என்றேன், கூசாமல்.

தனியாகக் கடலுக்குப் போன அத்தான் திரும்பவில்லை. நான்கு நாள் கழித்துப் படகு மட்டும் கிடைத்தது. அவர் உதவிக்குக் கூப்பிட்டது யாருக்கும் கேட்காமல் போனதற்கு, உப்புத் தண்ணீரில் ஊறிப்போன ரேடியோவின் மேல் பழியைப் போட்டார்கள். டேப்பைப் பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

மதியம் மூன்று மணிக்கு அறைக்குள் இறங்கினேன். காற்றில்லை. வானம் மூடிக் கிடந்தது. தலை குனிந்தே நிற்க வேண்டிய அந்த அறையில் டீசலும் பூசணம் பிடித்த மெத்தையும் நாறின. மூன்று வருடம் கொட்டகையில் காய்ந்த படகைப் போன வாரம்தான் தண்ணீரில் இறக்கியிருந்தார்கள். அடியில் அலை தட்டும் சத்தம், யாரோ விரலால் தட்டுவது போலவே இருந்தது.

ரேடியோவைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் திருகி நிறுத்தினேன். பேட்டரி வயர், ஃபியூஸ், எல்லாம் சரி. விளக்கு எரிகிறதா என்று பார்க்க ரேடியோவைப் போட்டேன். ஆபத்துக் காலத்தில் கூப்பிடும் பதினாறாம் சேனல் வந்தது. ஆன்டெனா கேபிளை இன்னும் இணைக்கவில்லை, அதனால் வெறும் இரைச்சல்தான். அதை இரையவிட்டுப் பாய்மரத்தின் அடியில் மண்டியிட்டேன்.

என் டேப் அப்படியே இருந்தது. பிரிக்க வசதியாக நுனியை மடித்து விடுவது என் பழக்கம். அந்த மடிப்பும் இருந்தது.

முதல் சுற்றைப் பிரித்தேன். விரல் நனைந்தது.

இரண்டாவது சுற்றில் தண்ணீர் சொட்டியது.

மூன்றாவதைப் பிரித்ததும் கொட்டத் தொடங்கியது. கட்டைவிரல் அளவு முடிச்சுக்குள்ளிருந்து அவ்வளவு தண்ணீர்! மணிக்கட்டில் வழிந்து, முழங்காலை நனைத்து, தரையில் பரவியது. ஐஸ் போலச் சில்லிட்டது. நடுக்கடலின் வாடை அடித்தது.

முதுகுக்குப் பின்னால் இரைச்சல் நின்றது.

"மாப்ள."

நான் திரும்பவில்லை.

"கேக்குதா, மாப்ள?"

ஆன்டெனா கேபிளின் நுனி என் கையில் இருந்தது. அது எதனோடும் சேர்ந்திருக்கவில்லை.

தவழ்ந்து போய் ஃபியூஸைப் பிடுங்கினேன். ரேடியோவின் விளக்கு அணைந்தது.

"ஈயம் வெச்சாச்சா?"

"வெக்கிறேன் அத்தான்... இதோ வெச்சுடறேன்..."

அழுதுகொண்டேதான் செய்தேன். கேபிளின் கெட்ட நுனியை வெட்டியெறிந்து, அயர்ன் நன்றாகச் சூடேறும்வரை காத்திருந்து, ஈயம் வைத்தேன். இரண்டு விரல் வெந்துபோயிற்று. மேலே மூன்று சுற்று டேப் ஒட்டினேன். ஃபியூஸைத் திரும்பப் போட்டுத் துறைமுக அலுவலகத்தைக் கூப்பிட்டேன். அங்கே ரேடியோவில் உட்காருகிறவர் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட மனிதர்.

"தெளிவா கேக்குது" என்றார் அவர். "உங்க பக்கத்துல நிக்கிறவர மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. அவரு மூச்சு விடறதுகூடக் கேக்குது."

நான் தனியாக இருந்தேன்.

மேலே ஏறி வந்தேன். கரையில் அக்கா நின்றிருந்தாள்.

"நாளைக்குப் பாப்பா போக வேணாம்க்கா."

"ஏன், ரேடியோ சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன? ஏன்டா இப்படி வேர்த்துக் கொட்டுது உனக்கு?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அக்கா என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்ற பயம், படகுக்குள் கேட்ட குரல் தந்த பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"புழுக்கம்க்கா" என்றேன்.

மறுநாள் காலை பாப்பா கிளம்பிப் போனாள். துறைமுக அலுவலகத்தில், கண்ணாடிக்காரர் பக்கத்தில் நானும் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணி நேரம் கழித்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"அம்மா, மாமா, கேக்குதா?"

கரையே கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்து, எதிரில் உட்கார்ந்து பேசுவது போல வந்தது குரல். அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர். என் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

"மாமா, பாய்மரத்தடியில ஒட்டின டேப்ப நீங்களே திரும்பப் பிரிச்சீங்களா?"

"இல்லயே."

"கெளம்பும்போது நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப மூணு சுத்தும் பிரிஞ்சு கெடக்கு. தரையெல்லாம் ஈரம்." குரல் தணிந்தது. "யாரோ பிரிச்சுப் பாத்த மாதிரி இருக்கு மாமா. இங்க என்னத் தவிர யாருமில்ல."

இரைச்சல் எழுந்தது. அதற்குள்ளிருந்து, பாப்பாவின் குரலைவிட நெருக்கமாக, இன்னொரு குரல் வந்தது.

"இந்தத் தடவ ஈயம் வெச்சிருக்கான்."

கண்ணாடிக்காரர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். அக்கா அலறவில்லை. இருபது வருடம் கூடவே வாழ்ந்த குரல் அவளுக்குத் தெரியாதா! என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"இந்தத் தடவன்னா?" என்றாள். "அப்ப, போன தடவ?"

ஒலிபெருக்கியில் இரைச்சல் சுத்தமாக நின்றது. என் பதிலுக்காக அத்தானும் காத்திருந்தார்.