டார்ச்சுக்குள் மூடுபனி

அன்று காலை ஏரியைக் காணவில்லை. கரையில் நின்றவர்களுக்கு மூடுபனிதான் தெரிந்தது. அதற்குள் எங்கோ ஒரு துடுப்பு தண்ணீரை அவசர அவசரமாக அறைந்துகொண்டிருந்தது. பிறகு, கனவிலிருந்து வருவதுபோல, படகின் மூக்கு மட்டும் வெளியே வந்தது. படகுக்காரர் கத்தினார். அவர் காலடியில், ரப்பர் உடுப்போடும் நெற்றிக் காயத்தோடும், முக்குளிப்பான் கிடந்தார்.

ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. ஏரிக்கடியில் இருக்கும் குடிநீர்க் குழாயின் கம்பிவலையில் சேரும் குப்பையை முங்கி எடுப்பது அவர் தொழில். கீழே கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு. டார்ச் எரியாவிட்டால் அவர் தண்ணீரில் கால்கூட வைக்கமாட்டார்.

உயிர் இருந்தது, நினைவு இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தபோது, டார்ச் படகோரக் கயிற்றில் தண்ணீருக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக் கண்ணாடியை விரலால் துடைத்தார். மங்கல் போகவில்லை. மங்கல் உட்பக்கம் இருந்தது.

"என்ன நடந்துச்சு?"

"இறங்கும்போது லைட் எரிஞ்சுது மேடம். நிலா முங்கிப் போற மாதிரி போச்சு. கம்பிவலைகிட்ட ஏதோ இடிச்ச மாதிரி அவர் இடுப்புக் கயிறு ஆடுச்சு. பொட்டுனு அணைஞ்சுது. கயிறு தொய்ஞ்சுது. இழுத்துட்டேன்."

"படகுல இதைத் திறந்தீங்களா?"

"நானா? எனக்குத் தீப்பெட்டியே தலைகீழாத்தான் திறக்க வரும்."

"உங்களுக்கும் அவருக்கும் ஓயாத சண்டையாமே?"

"அந்தத் தண்ணியில எங்க ரெண்டு பேரை விட்டா யார் மேடம் இருக்கா? மீனோடயா சண்டை போடுறது?" படகுக்காரர் மூக்கைச் சிந்தினார். "நேத்துதான் ஸ்விட்ச் மாத்தினாங்க. அவரோட மச்சினன் கடையில. அங்க போய்க் கேளுங்க. அக்காவைக் கட்டின நாள்ல இருந்து ரெண்டு பேரும் எலியும் பூனையும்."

கடை ஓர் ஆள் திரும்பும் அகலம்தான். டார்ச் கடைக்காரன் செய்தி கேட்டுச் சுவரோடு சுவராக நின்றிருந்தான். இன்ஸ்பெக்டர் நீட்டிய டார்ச்சின் வால்மூடியைத் திருகி எடுத்தான். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ரப்பர் வளையம் சரியாக இருந்தது. மூடிக்குள், ஸ்விட்சைப் பிடித்திருக்கும் சின்னப் பித்தளை வளையம் மட்டும் அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது.

"இது தளர்ந்தா?"

"ஸ்விட்ச் ஆடும் மேடம். எரிஞ்சா எரியும், இடிச்சா அணையும்."

"எப்படிக் கழட்டுறது?"

"இந்த ரெண்டு துளையில இடுக்கியோட முனையை விட்டுத் திருப்பணும். இடப்பக்கத் திருகு, மத்ததுக்கெல்லாம் நேர் எதிர். தெரியாதவங்க கை வச்சா வழுக்கிக் கீறிடும்."

இன்ஸ்பெக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். துளைகளைச் சுற்றி ஒரு கீறல் இல்லை.

"நீ இறுக்கலையா?"

அவன் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "என் தப்புதான். எழுதிக்கோங்க."

"இவ்வளவு சீக்கிரமா ஒத்துக்கிட்டா எங்க பொழப்பு என்னப்பா ஆகுறது?" என்றார் கூட வந்த ஏட்டு.

மேசைமேல் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள். திறந்த டார்ச் எதையும் அதற்குள் வைத்துத்தான் மூடுவானாம். "ஈரக் காத்து உள்ள மாட்டிக்கிச்சுன்னா அப்புறம் கண்ணாடி வேர்க்கும் மேடம்."

நேற்று அவன் மூடிவைத்த இன்னொரு டார்ச்சை இன்ஸ்பெக்டர் பனிக்கட்டித் தண்ணீரில் அமுக்கி எடுத்தார். கண்ணாடி வேர்க்காமல் பளிங்குபோல் இருந்தது.

"மேடம், அப்போ படகுலதான் யாரோ திறந்திருக்காங்க," ஏட்டு காதோரம் சொன்னார். "அந்த மூடுபனிதான் உள்ள போயிருக்கு."

இன்ஸ்பெக்டர் கடைக்காரனை ஸ்டேஷனில் உட்காரவைக்கச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

முக்குளிப்பானின் மனைவிக்கு அங்கேயே சலவைக்கூடத்தில் வேலை. மேல்மாடியில் புருஷனைப் பார்க்க இன்னும் விடவில்லை. கீழே இஸ்திரி மேசைக்கருகில் நின்றிருந்தாள். பெரிய தொட்டிகளிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கொடியில் தொங்கிய வெள்ளை விரிப்புகள் யாரோ உள்ளே தூங்குவதுபோல் மெல்ல மூச்சு விட்டன. உள்ளே நுழைந்ததும் இன்ஸ்பெக்டரின் மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போனது.

"கடையில இருந்து டார்ச்சை யாரும்மா வாங்கினது?"

"நான்தான், மதியம். அவர் அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கமாட்டாரே. வீட்டுக்குப் போய்க் குடுத்தேன்."

"அதுவரைக்கும்?"

"இங்கதான். அந்தப் பலகைமேல இருந்துச்சு."

"உங்க தம்பி குத்தத்தை ஒத்துக்கிட்டான். அவர் பிழைக்கலைன்னா ஆயுசுக்கும் உள்ளதான்."

அவள் மடித்த விரிப்பையே மறுபடி பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூடுபனி உள்ள போயிருக்கும்னு எங்க ஏட்டு சொல்றார். மூடுபனி ஏற்கெனவே குளிர்ந்த காத்தும்மா. குளிர்ந்த தண்ணியில போட்டா அது பெருசா வேர்க்காது. உள்பக்கம் அவ்வளவு அப்பியிருக்குன்னா, சூடான ஆவி நடுவுல டார்ச்சைத் திறந்து மூடியிருக்காங்க. கடையிலயும் ஆவி இல்ல, படகுலயும் ஆவி இல்ல. அப்புறம் அந்தத் திருகு. எந்தப் பக்கம் திருப்பணும்னு தெரிஞ்ச கைதான் கீறாம திருப்பியிருக்கு."

அவள் விரிப்பை மேசைமேல் வைத்தாள்.

"ஸ்விட்ச் மாத்த அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்," என்றாள். "அப்பா கடையில முதல்ல உக்காந்தது நான். வளையம் தளர்ந்திருக்கிறதைப் பாத்ததும் அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"ஏம்மா?"

"போன தடவை காதுல ரத்தத்தோட வந்தார். இனிமே முங்கினா அவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டார். கேட்டாத்தானே? கொண்டை ஊசியால அரைச் சுத்துத் திருப்பினேன். மூடி அமுக்கிப் பாத்தேன், எரியலை. கரையில அவர் அமுக்கிப் பாத்துட்டு, என் தம்பியைத் திட்டிக்கிட்டே வீட்டுக்கு வந்துடுவார்னுதான்..."

"வழியில குலுங்கினதுல ஸ்விட்ச் மறுபடி தொட்டுக்கிச்சு போல. கரையில எரிஞ்சிருக்கு."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "எரிஞ்சிருக்கே மேடம்! பாழாப்போனது எரிஞ்சிருக்கே!"

அப்போது ஒரு நர்ஸ் விரிப்புகளுக்கிடையே தலைநீட்டினாள். "அக்கா, உங்க வீட்டுக்காரர் கண் திறந்துட்டார். வாங்க."

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க. அப்புறம் என்கிட்ட எழுதிக் குடுங்க. அதுக்கப்புறம்தான் உங்க தம்பியை விட முடியும்."

மேலே அவர் பாதித் தூக்கத்தில் கிடந்தார். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி ஒரே மூச்சில் சொன்னாள். இன்ஸ்பெக்டர் கதவோரமாக நின்றார்.

முக்குளிப்பான் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே அவள் நினைத்தாள்.

"உன் தம்பி எங்க?"

"ஸ்டேஷன்ல. பழியைத் தன்மேல போட்டுக்கிட்டான்."

"கூறுகெட்டவன்." தொண்டையைச் செருமினார். "வெளிய வந்ததும் இங்க வரச் சொல்லு. அந்த டார்ச்சை அவனே வச்சுக்கட்டும். எனக்கு இனிமே வேண்டாம்."