அவங்களையே கேளுங்க

"ஏங்க, கண்ணு தெரியலையா? உங்க குடைத் தண்ணியெல்லாம் என் கால்லதான் ஊத்துது!"

"மழைகிட்டப் போய்ச் சொல்லுங்க... நானா பெய்யறேன்?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்த ரிட்டையர்டு பஸ் டிரைவர் முறைக்கத்தான் நிமிர்ந்தார். குடையோடு ஒரு அம்மா. நனைந்த நரைமுடிக்குக் கீழே இரண்டு கண்கள்... வலியும் குறும்புமாக. முறைப்பு மறந்தே போனது.

"ரேடியோ மாதிரி குரல் உங்களுக்கு."

"டெலிபோன் ஆபரேட்டரா இருந்தேங்க."

"அப்போ, வணக்கம் ஹலோ மேடம்!"

சிரித்தாள். சிரித்தவள் அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவர் தாங்கிப் பிடிக்க, புருஷன் பெண்டாட்டி என்றே நினைத்த நர்ஸ் இருவரையும் உள்ளே அனுப்பிவிட்டாள்.

டாக்டர் வழக்கம்போல் அவளைப் பார்க்கவில்லை. "எப்பலேர்ந்து சார் வலி?"

"எனக்கென்ன தெரியும்? இப்பத்தான் குடைச் சண்டையில பழக்கம். அவங்களையே கேளுங்க."

டாக்டரின் பேனா நின்றது. இத்தனை நாளும் கூட வரும் மகனைத்தான் கேட்டார். 'வயசாச்சுல்ல' என்பான் மகன். வலி மாத்திரையோடு முடியும்.

அன்று அவள் பேசினாள். ஸ்கேன் எடுத்தார்கள்.

கட்டி.

"முன்னாடியே பார்த்திருக்கணும்..." டாக்டரின் குரல் இறங்கிப்போனது.

அதன்பின் அவள் வரும்போதெல்லாம் டிரைவரும் வந்தார். ஒருநாள் மகன் கேட்டுவிட்டான். "எங்க குடும்ப விஷயம்... நீங்க யாரு சார்?" டிரைவர் ரோஷக்காரர், அன்றிலிருந்து அறைக்குள் வரவில்லை. வராந்தா ஓரமாகவே நின்றார்.

இன்றும் மழை.

"இந்த வயசுல ஆபரேஷனெல்லாம் வேணாம் டாக்டர்," என்றான் மகன்.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. பொழைக்கறது பாதிக்குப் பாதிதான். என்ன செய்யலாம்?"

"பண்ணிடுங்க."

"எதுக்கும்மா இவ்வளவு கஷ்டம்?" மகனின் குரல் உடைந்தது.

அவள் கதவைப் பார்த்தாள். எத்தனையோ பேருக்கு லைன் போட்டுக் கொடுத்தவள்... தனக்கென்று ஒரு வார்த்தை வர இத்தனை தயக்கமா?

"வெளிய நிக்கறாரே... அவர்கூட இன்னும் கொஞ்ச நாள் சண்டை போடணும்டா. எனக்கு... அவரைப் பிடிச்சிருக்கு."

மகன் தலைகுனிந்தான். பிறகு எழுந்துபோய்க் கதவைத் திறந்தான். "உள்ள வாங்க சார்..."

சாரலில் தெப்பமாய் நனைந்த டிரைவர் அவள் அருகில் வந்து நின்றார். "கேட்டுட்டேன், ஹலோ மேடம்..." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும்தான்..."

அவர் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என் கால்ல ஊத்துது..." என்றாள், கண்கள் தளும்ப.

காலை மட்டும் நகர்த்தவில்லை.