நிழலி

கடலுக்கடியில் குடியிருப்பவர்களுக்கு எதற்கு மீன்தொட்டி என்று கரையில் இருப்பவர்கள் கேலி பேசுவார்கள். அறுபது பாகம், அதாவது நூறு மீட்டருக்கும் கீழே, சன்னலுக்கு வெளியே கும்மிருட்டுதான் என்பது அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது? ஆழ்குடி என்ற அந்தக் கடலடிக் குடியிருப்பின் நாற்பது குடும்பங்களும் கூடிப் பேசி, பொதுக்கூடத்தில் பெரிய உப்புநீர்த் தொட்டி ஒன்றை வைத்தன. மீன் தேர்ந்தெடுக்கும் வேலை சங்கச் செயலாளர் ரெஜினாவின் தலையில் விழுந்தது.

மீன்காரர் செல்வின் தூத்துக்குடியிலிருந்து மூழ்குவண்டியில் மூன்று நிற மீன்களோடு வந்திருந்தார். ஊதா, ஆரஞ்சு, நீலப்பச்சை. ரெஜினா நீலப்பச்சையைக் காட்டினாள்.

"இருபத்தஞ்சு எடுங்கக்கா. ஒரே நாள்ல மொத்தமா விடணும். பொறவு புதுசா ஒண்ண விட்டா கொத்தியே கொன்னுரும்."

"எப்பவும் இப்படிக் கூட்டமாத்தான் சுத்துமா?"

"எங்க சுத்தும்? பயம் இருந்தாத்தான் கூட்டம். பயம் விட்டுப் போச்சுன்னா ஒண்ணையொண்ணு கடிச்சு, கடைசியில ஒத்த மீனுதான் மிஞ்சும். அதுக்குத்தான் இது."

இருபத்தைந்தையும் தொட்டியில் விட்டுவிட்டு, உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றை அதன் விளிம்பில் வைத்தார். நிழலி என்று அதற்குப் பெயர். கண்ணாடியின் குறுக்கே ஒரு சுறாவின் நிழலை அது ஓடவிட்டது. சிதறிக் கிடந்த மீன்கள் சட்டென்று திரண்டு ஒரே உடம்பாகத் திரும்பின. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"ஒரே நேரத்துல ஓடவிட்டா பழகிரும். வாரத்துக்கு ரெண்டு தடவ, நேரத்த மாத்தி மாத்திப் போடுங்க."

ரெஜினா சுவரிலிருந்த கசிவுமணிப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள்; கடல்நீர் உள்ளே கசிந்தால் எச்சரிக்க வைத்த மணி அது. ஆழ்குடியின் கசிவுமணியும் வாரத்துக்கு இரண்டு தடவைதான் அடிக்கும், நேரம் மாறி மாறி. அடித்தால் எல்லாரும் கூடத்துக்கு ஓடிவந்து கைகோத்து நிற்க வேண்டும். ஆறு வருடத்தில் ஒரு சொட்டு நீர் கசிந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை. நிழலியைப் புரட்டிப் பார்த்தாள். ஆழ்குடியைக் கட்டிய நிறுவனத்தின் முத்திரை இருந்தது.

செல்வின் கிளம்பியதும் சங்கச் சாவியால் கசிவுமணிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நீரை அறியும் கம்பி ஒன்றுகூட இல்லை.

"பாவிங்க," என்று முணுமுணுத்து மணியை நிறுத்தினாள். இரண்டு வாரம் அமைதியாகப் போகட்டும், பிறகு சங்கக் கூட்டத்தில் போட்டு உடைக்கலாம் என்று நினைத்தாள்.

முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம் குடிநீர்க் குழாயடியில் சண்டை தொடங்கியது. ஆறு வருடமாகக் குழம்பு கொடுத்து வாங்கிய எதிர்வீட்டு ஸ்டெல்லா, ரெஜினாவின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். மூன்று குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கரையேறின. பத்துக் குடும்பம் போய்விட்டால் நிறுவனம் காற்று இயந்திரத்தை நிறுத்தி எல்லாரையும் வெளியேற்றிவிடும். கரையில் ரெஜினாவுக்கு வீடில்லை, காத்திருக்க ஆளுமில்லை. அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

அவளே போய் மணியை ஓடவிட்டாள். தன்மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் மதியம் மணி அடித்தது. சோற்றுக் கையோடு எல்லாரும் கூடத்துக்கு ஓடிவந்தார்கள். ஸ்டெல்லா வந்து ரெஜினாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகாது," என்றாள் ரெஜினா.

"தெரியும்க்கா," ஸ்டெல்லா காதோரம் சொன்னாள். "இது சும்மா அடிக்கிற மணின்னு எல்லாருக்குமே தெரியும். நடுவுல எந்தப் புண்ணியவதி நிறுத்துனான்னுதான் தெரியல. திரும்பப் போட்டவங்க நல்லா இருக்கட்டும்."

ரெஜினா சுற்றிலும் பார்த்தாள். எல்லாரும் கண்ணை மூடி, தோளோடு தோள் நெருங்கி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் நீலப்பச்சை மீன்கள் ஒன்றாகத் திரும்பின. பெட்டிக்குள் நீரை அறியும் கம்பி இல்லை, நிஜமாகவே கசிந்தால் மணி அடிக்காது என்பதும் இவர்களுக்குத் தெரியுமா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.