கோட்டு இனாம்

துபாய் சத்வாவில் ஒரு மனிதனின் முகம் எட்டுப் பிரதி இருபது திர்ஹம். பேரம் பேசினால் பதினைந்து. கோட்டும் டையும் இனாம். யாரும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. தலையை மட்டும் வெட்டி, கம்ப்யூட்டரில் எப்போதும் தயாராயிருக்கும் ஒரே கோட்டின்மேல் ஒட்டிவிடுவார் ஸ்டூடியோ சதக்கத்துல்லா.

"பாய், கழுத்துல மச்சம் இருக்கு. எனக்குக் கெடையாதே," என்றான் ரெனீஷ், கவரைப் பிரித்துப் பார்த்து.

"கோட்டோட சேத்து மச்சமும் இனாம்னு வெச்சுக்குங்க தம்பி."

ரெனீஷ் சிரித்துவிட்டுப் போனான். சதக்கத்துல்லாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த மச்சத்தை அவர் தன் கையாலேயே அழித்து வருஷங்களாகிறது.

கோட்டு யேசுராஜுடைய படத்திலிருந்து வெட்டியது. சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து இரவல் கோட்டில் வந்தவன். "வீட்ல மாட்டணும் பாய், நல்லா வரணும்" என்றான். கேமரா முன்னால் விறைத்த முகம் தன்னை மறந்து இளகும் ஒரு நொடி உண்டு. அன்று அதற்காகப் பொறுத்திருந்து எடுத்தார். எட்டுப் பிரதிக்குக் காசு கொடுத்துப் போனவன் படத்தை வாங்கத் திரும்பவில்லை. தோள் அமைப்பாக இருந்ததால் தலையை நீக்கிக் கோட்டை வைத்துக்கொண்டார். கட்டட சைட்டில் விழுந்து செத்துட்டான், ஊருக்கு அனுப்ப ஒரு படமாவது வேணும் என்று ரூம்காரர்கள் வந்து நின்றபோது, "மாஃபி, இல்ல, அழிஞ்சு போச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை. தெருவே ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. மகள் ஆமிராவின் நிக்காஹுக்கு ஊர் போகவேண்டுமென்றால் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாக வேண்டும். தன் படத்தையும் எடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று கடை ஷட்டரை இறக்கி, கேமராவில் டைமரை வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்தார். ஏசியின் உறுமலுக்கு அடியில் டைமரின் சன்னமான பீப் சத்தம். சூடேறிய விளக்குகளில் கருகும் தூசியின் வாசனை. அதற்குள், எங்கிருந்தோ, ஈரச் சிமெண்டின் வாசனை.

ஃபிளாஷ் அடித்தது.

எழப் பார்த்தார். தோள் வரவில்லை. யாரோ இரண்டு பக்கமும் பிடித்து நேராக்கியதுபோல் விறைத்து நின்றது.

"தாடைய எறக்குங்க. ஆடாம இருங்க."

அவர் தினமும் சொல்லும் வார்த்தைதான். சொன்னது அவரில்லை.

வெளியே செருப்புச் சத்தங்கள் கடந்து போயின. கூப்பிட வாயெடுத்தார். கழுத்தில் ஏதோ இறுகியது. டை. அவர் டை கட்டுவதேயில்லை.

மறுபடி ஃபிளாஷ்.

பிரிண்டர் தானாகத் தாளை இழுத்தது. மெதுவாக வெளியே தள்ளியது. எட்டுச் சதுரத்திலும் யேசுராஜ். அதே இளகிய முகம். கழுத்தில் மச்சம்.

எதிரே, வருகிறவர்கள் தலை சீவும் கண்ணாடி. ஸ்டூலில் கோட்டுப் போட்ட உடம்பு. காலருக்கு மேலே வெறும் வெள்ளை, பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னால் வைக்கும் அதே வெள்ளை.

எடுத்தது ஒரு தலை. கொடுத்தது ஒரு தலை. எட்டுப் பிரதியும் பட்டுவாடா. பாக்கியில்லை.