உயரத்தை மாற்றாதே, அஜெமான்!

டிர்ர்ர்ரிங்... டிர்ர்ர்ரிங்...!

அனிமா போன்சு வாயில் பல்குச்சியோடு போனை எடுத்தாள்.

"அக்கா! ஓடி வாங்க! உங்க வாட்ச்மேன் செத்துக் கிடக்கறார்!"

பக்கத்துப் பட்டறை வெல்டர் டான்குவாவின் குரல்.

"என்னடா சொல்றே?"

"பட்டறை வாசல்ல... மல்லாந்து... பக்கத்துல உங்க ஆடும் செத்துக் கிடக்குது!"

அனிமா பல்குச்சியைத் துப்பினாள்.

"கம்ப்யூட்டர் இருக்கா பாரு!"



"அக்கா... ரெண்டு உசுரு போச்சுங்கறேன். நீங்க கம்ப்யூட்டரைக் கேக்கறீங்க!"

"இருக்கா, இல்லையா?"

"இருங்க, எட்டிப் பார்க்கறேன்... ஐயையோ! பூட்டை உடைச்சிருக்கான்! மேஜை காலி!"

"போலீசுக்குச் சொல்லு. இதோ வர்றேன்."

வைத்தாள். தலையைச் சீவிக்கொண்டு, காதுக்குத் தோடு தேடிப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினாள்.

குமாசி நகரத்தின் சுவாமே பட்டறைப் பகுதி அதற்குள் விழித்துவிட்டது. எங்கு பார்த்தாலும் சுத்தியல் சத்தம். வெல்டிங் பொறி. ஆனால் அனிமாவின் பட்டறை வாசலில் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒபெங் ஒரு கையில் சுட்ட வாழைக்காயும் மறு கையில் வேர்க்கடலையுமாக உடலின் மேல் குனிந்தார். வாட்ச்மேன் இசாக்கா. அறுபது வயது. வெள்ளைத் தாடி. அசைவில்லை.

இன்னும் குனிந்தார்...

கொர்ர்ர்ர்ர்ர்!

இன்ஸ்பெக்டர் துள்ளியதில் வேர்க்கடலை நாலா பக்கமும் சிதறியது.

"யோவ் வெல்டர்! செத்தவன் குறட்டை விடுவானாய்யா?"

"நான் தூரத்துலேருந்து பார்த்தேன் சார்... பிணம்னா எனக்குப் பயம்."

ஆடும் மெதுவாக ஒரு காலை உதறியது. அதுவும் சாகவில்லை!

இன்ஸ்பெக்டர் சுவரோரம் உருண்டு கிடந்த சுரைக்குடுவையை எடுத்து முகர்ந்தார்.

"கள்ளு! அடியில வெள்ளையா மாவு வேற நிக்குது... மயக்க மாத்திரை! யாரோ கொண்டுவந்து குடுத்திருக்கான். இவரு ஒரே மூச்சுல குடிச்சுட்டுக் கவுந்துட்டார்."

"சார், இசாக்கா பாபா அஞ்சு வேளையும் தொழறவரு," என்றான் டான்குவா. " கள்ளு வாசனை அடிச்சாலே மூக்கைப் பொத்திக்குவாரு."

"நானும்தான் என் மனைவி முன்னால மூக்கைப் பொத்திக்குவேன். அதை விடு."

அனிமா வந்து நின்றாள். இன்ஸ்பெக்டர் அவளைக் காலி மேஜைக்கு அழைத்துப் போனார்.

"என்னம்மா போச்சு?"

"என் மெஷின் போச்சு சார்."

"கம்ப்யூட்டர்தானே போச்சு?"

"அதுக்குள்ளதான் மெஷின். மரவள்ளிக்கிழங்கு துருவற மெஷின். டிசைன் சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு பல்லா, ஒவ்வொரு ஆணியா வரைஞ்சு வெச்ச மாடல். மூடி திறந்தா துருவற உருளை அங்கேயே நின்னுடும். யாரோட விரலும் போகாது."

"இன்னிக்கு மதியம் சங்கத்துல காட்டறதா இருந்ததே... அதுவா?"

"அதேதான்."

மரவள்ளியைத் துருவி, பிழிந்து, வறுத்து, காரி என்று மூட்டை கட்டி விற்கும் பெண்களின் சங்கம். அதன் தலைவி கொனாடம்மா இன்று எந்த மெஷினுக்குத் தலையாட்டுகிறாளோ, அதுதான் வட்டாரம் முழுக்கப் போகும். எல்லாப் பெண்களின் கையும் அதற்குள்தான் போகும்.

"நகல் வெச்சிருப்பே இல்ல?"

"இல்ல சார்."

"இல்லையா! சரி, பாஸ்வேர்டாவது இருக்குமே? திருடினவன் திறக்க முடியாதே?"

"கம்ப்யூட்டர் மேலேயே சீட்டுல எழுதி ஒட்டியிருந்தேன். மறந்து மறந்து போயிடுது..."

இன்ஸ்பெக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இன்ஜினீயருக்குப் படிச்சிருக்கியேம்மா! யார் மேலயாவது சந்தேகம்?"

"அஜெமான்."

"யாரு... கோட்டு போட்ட அஜெமானா? அந்தப் பெரிய கம்பெனிக்காரரா?"

"போன வருஷம் நான் வரைஞ்ச சோளம் உதிர்க்கிற மெஷினை எடுத்துக்கிட்டார். நான் வெச்ச மூடியைக் கழட்டிட்டு, மலிவா செஞ்சு வித்தார். ஒரு அம்மாவுக்குக் கட்டை விரல் போச்சு சார். அந்த அம்மா என்கிட்ட வந்து, 'நீ வரைஞ்சதாமே'ன்னு கேட்டாங்க. என்ன பதில் சொல்றது?"

அவள் குரல் உண்மையிலேயே உடைந்தது.

"நிரூபிச்சிருக்கலாமே?"

"எப்படி சார்? கோப்புல என் பேரை அழிச்சுத் தன் பேரைப் போட்டுக்கிட்டார். 'நானும் இதையே யோசிச்சேன்'னார். முடிஞ்சது கதை."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். போகிற போக்கில் தூங்கும் ஆட்டைப் பார்த்தார். கழுத்தில் சின்னத் தோல் பை ஒன்று தொங்கியது.

"இது என்ன... தாயத்தா?"

"ஆமா சார். கிறிஸ்மஸுக்கு வெட்டறதுக்குன்னு வாங்கின ஆடு. 'புரோன்யா'ன்னு கிறிஸ்மஸ் பேரையே வெச்சோம். அப்புறம் வெட்ட மனசு வரல. கண்ணு பட்டுடக் கூடாதுன்னு கட்டியிருக்கேன்."

"கட்டியும் பிரயோஜனம் இல்ல போலிருக்கே!"

மதியம், சங்கத்து மண்டபம் நிரம்பி வழிந்தது. வண்ண வண்ணத் தலைத்துணிகள். குழந்தைகள் முதுகில். விசிறிகள் கையில்.

மேடையில் மிஸ்டர் அஜெமான். கோட்டு, டை, வாசனைத் தைலம். அவருடைய லேப்டாப்பிலிருந்து வெள்ளைத் திரையில் ஒரு மெஷின் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. தொட்டி... உருளை... மூடி...

பின்வரிசையில் இன்ஸ்பெக்டரின் பக்கத்தில் வெறுங்கையோடு நின்ற அனிமா கத்தினாள்.

"அது என்னோடது!"

அஜெமான் சிரித்தார். சிரிப்பில் பாதி பல்; மீதி விஷம்.

"போன வருஷமும் இதே பாட்டுதான். தங்கச்சி, உன்னோடதுன்னா உன் கம்ப்யூட்டர்லேருந்து திறந்து காட்டேன்!"

"அதைத்தான் திருடிட்டீங்களே!"

"இன்ஸ்பெக்டர் சார், நீங்களே வந்து பாருங்க. கோப்புல யார் பேரு இருக்கு?"

இன்ஸ்பெக்டர் ஒபெங் மேடையேறி எட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"அஜெமான்னுதான் இருக்கு."

"கேட்டியா?"

முன்வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. கொனாடம்மா எழுந்தாள். குட்டையான, கனத்த உடம்பு. மண்டபமே அடங்கியது.

"சண்டையை அப்புறம் போடுங்க. ஏம்ப்பா கோட்டுக்காரரே, உருளை மேல அந்த மூடி என்னத்துக்கு?"

"அது சும்மாம்மா! அதைக் கழட்டிட்டா விலை குறையும். உங்களுக்காகக் கழட்டியே தர்றேன்."

கொனாடம்மா தன் வலது கையை உயர்த்தி விரித்தாள். இரண்டு விரல்கள் பாதியோடு நின்றன.

"மூடி இல்லாத மெஷின்ல நானும் துருவினேன். இவ்வளவுதான் மிச்சம் இருக்கு. மூடி இருக்கட்டும்."

பெண்கள் கூட்டம் உறுமியது. அஜெமான் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"இருக்கட்டும்மா, இருக்கட்டும்! தாராளமா இருக்கட்டும்!"

"இன்னொண்ணு. தொட்டி ரொம்ப உசரமா தெரியுது. நான் என்ன ஒட்டகச்சிவிங்கியா? ஏணி போட்டா கிழங்கு போடறது? குறைச்சுக் காட்டு."

அனிமா பதறினாள்.

"வேணாம்மா! உயரத்தை மாத்த வேணாம்!"

அஜெமானின் கண்கள் பளிச்சிட்டன.

"பார்த்தீங்களா? மாத்தத் தெரியாது! அதான் பயப்படறா. இதெல்லாம் எனக்கு ஒரு நிமிஷ வேலைம்மா. இதோ உயரம்... இதோ புது எண்... இப்ப இந்தப் பட்டனை அழுத்தினா மாடல் தானா திருத்திக்கும்."

அழுத்தினார்.

தொட்டி சர்ரென்று இறங்கியது. கால்கள் சுருங்கின. பெண்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள்...

பாதியில் நிறுத்தினார்கள்.

மெஷினின் உச்சியில் ஏதோ முளைத்தது.

முதலில் இரண்டு கொம்பு. பிறகு தாடி. பிறகு தொங்கும் காது. கடைசியாகக் கொழுத்த வயிறு!

ஆடு!

தொட்டியின் மேல் கம்பீரமாக நின்று, மண்டபத்தைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

ஒரு குழந்தை முதலில் சிரித்தது. அப்புறம் கூரையே கிளம்பிவிட்டது!

"யப்பா! ஆடு மேய்க்கற மெஷினா இது?"

"கிழங்கு போட்டா குட்டி போடுமா?"

அஜெமான் பட்டனை மீண்டும் அழுத்தினார். மீண்டும். மீண்டும். ஆடு அசைவதாக இல்லை.

"சார்..." இன்ஸ்பெக்டர் வாழைக்காயை மென்றபடியே கேட்டார். "மெஷினுக்கு நீங்கதான் அப்பான்னீங்க. ஆட்டுக்கும் நீங்கதானா?"

"அது... அது வந்து... எங்க கம்பெனிச் சின்னம்!"

"ஓஹோ! கழுத்துல ஏதோ எழுதியிருக்கே. கொஞ்சம் பெருசாக்குங்க."

அஜெமானின் விரல் நகரவில்லை. இன்ஸ்பெக்டரே மவுஸ் சக்கரத்தை உருட்டினார். ஆடு பெரிதாகிக்கொண்டே வந்தது. கழுத்துப் பட்டை திரையை நிரப்பியது. அதில் செதுக்கியிருந்த எழுத்துகளைக் கொனாடம்மா உரக்கப் படித்தாள்.

"என்... எஜமானி... அனிமா போன்சு."

விசிறிகள் நின்றன.

"ஏன் சார்," இன்ஸ்பெக்டர் மெல்லக் கேட்டார், "உங்க சின்னம் எதுக்கு அடுத்தவங்க பேரைக் கழுத்துல கட்டிக்கிட்டு நிக்குது?"

அஜெமான் பக்கக் கதவைப் பார்த்தார். கதவை அடைத்துக்கொண்டு ஏற்கெனவே பெண்கள் நின்றார்கள். ஒருத்தி கையில் உலக்கை வேறு!

"என் டிரைவர்தான் சார் திருடினான்! நான் வேணாம்னுதான் சொன்னேன்! கம்ப்யூட்டர் கார் டிக்கியில இருக்கு... அந்த உலக்கையைக் கீழ வைக்கச் சொல்லுங்க!"

விலங்கு மாட்டப்பட்டது. அனிமா மேடை ஏறினாள். பதறிய முகத்தில் இப்போது குறும்பு!

"அண்ணே, வரைஞ்ச பாகமெல்லாம் திரையோட இடது ஓரத்துல வரிசையா பேரோட இருக்கும். வரையத் தெரிஞ்சவங்க அதைத்தான் முதல்ல படிப்பாங்க. கடைசி வரியில 'ஆடு'ன்னே எழுதியிருந்தேன். நீங்க மெஷினைச் சுத்திச் சுத்தி ரசிச்சீங்களே தவிர... படிக்கவே இல்லையே!"

அப்போது மண்டப வாசலில், "மே..." என்று ஒரு குரல்.

தள்ளாடியபடி புரோன்யா. கயிற்றைப் பிடித்தபடி வாட்ச்மேன் இசாக்கா. கம்பு போல் நிமிர்ந்து நின்றார்.

"பாபா!" என்றார் இன்ஸ்பெக்டர். "மயக்கம் தெளிஞ்சுதா?"

"எனக்கு எதுக்கு சார் மயக்கம்?"

"பின்னே... கள்ளு?"

"அந்தக் கர்மத்தை நான் தொடுவேனா? டிரைவர் பய குடுத்துட்டுப் போனான். ஓரமா வெச்சேன். இந்தக் கழுதை வந்து உறிஞ்சிடுச்சு."

"அப்போ அந்தக் குறட்டை?"

"மேடம் சொன்னாங்க. 'யாராவது வந்தா தூங்கற மாதிரி படுத்துக்குங்க பாபா'ன்னு. போகும்போது ஒருத்தன் என் வயித்தையே மிதிச்சுட்டுப் போனான் சார். சுதி குறையாம விட்டேன்!"

இன்ஸ்பெக்டர் மெதுவாக அனிமாவின் பக்கம் திரும்பினார். அந்த இருவரில் நிஜமாகத் தூங்கியது ஆடு மட்டும்தான்!

"அப்போ... நகல் இல்லேன்னது?"

"அவரோட டிரைவர் சாப்பிடற கடையில போய் உரக்கச் சொன்னேன் சார். அவர் காதுல விழணுமே!"

"பாஸ்வேர்டை ஒட்டினது?"

"பாவம், அவ்வளவு கஷ்டப்பட்டுத் திருடறார். திறக்க முடியாம திரும்பக் குடுத்துட்டார்னா?"

"இந்தம்மா உயரத்தைக் குறைக்கச் சொல்வாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"என் பட்டறைக்கு எப்ப வந்தாலும் எந்த மெஷினைப் பார்த்தாலும் அதைச் சொல்லாம இவங்க போனதே இல்லை சார்."

"ஏய்!" என்றாள் கொனாடம்மா. ஆனால் சிரிப்பு வந்துவிட்டது.

அனிமா குனிந்து, புரோன்யாவின் கழுத்துத் தோல் பையைப் பிரித்தாள். உள்ளே தாயத்து இல்லை. ஒரு பென் டிரைவ்!

"அசல் இதுல இருக்கும்மா. அவர் எடுத்தது நேத்து ஆட்டைச் சேர்த்த பிரதி. மறைச்சு வெச்ச ஒரு எண்ணை முதல்ல மாத்தாம உயரத்தைத் தொட்டா, ஆடு எழுந்துடும்."

சங்கத்துக் கணினியில் செருகினாள். அதே மெஷின். உயரத்தைக் குறைத்தாள். தொட்டி இறங்கியது. மூடியும் கூடவே ஒழுங்காக இறங்கியது. கொனாடம்மாவின் இடுப்புக்குச் சரியாக. ஆடு வரவில்லை.

கொனாடம்மா திரைக்குப் பக்கத்தில் போய் மேலும் கீழும் தேடினாள்.

"இது எனக்கு வேணாம்."

அனிமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா...?"

"ஆடு எங்கேடி? ஆட்டோட செஞ்சு குடு. ஒவ்வொரு மெஷின் மேலயும் ஆடு நிக்கணும். நாளைக்கு எவனாவது மூடியைக் கழட்டிட்டு, மலிவா ஒண்ணு செஞ்சுக் கொண்டுவந்தா எங்களுக்குத் தெரியணும் இல்ல? ஆடு இருந்தா இந்தப் பொண்ணு செஞ்சது. கையை வைக்கலாம். என்னங்கடி சொல்றீங்க?"

மண்டபம் அதிர்ந்தது. அனிமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த முறை நடிப்பில்லை. புரோன்யா அதற்குள் அஜெமானின் கோட்டு நுனியை மெல்ல ஆரம்பித்திருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒபெங் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"எல்லாம் சரிம்மா. நாளைக்குக் கோர்ட்டுல, 'முக்கிய சாட்சி எங்கே'ன்னு ஜட்ஜ் கேட்டா? இவ்வளவு பெரிய வயித்தோட அந்தத் திரை ஆடு சாட்சிக் கூண்டுக்குள்ள கொள்ளாதே!"

அனிமா சிரித்தாள்.

"கூண்டோட அளவை மட்டும் சொல்லுங்க சார்... ஆட்டைச் சுருக்கித் தர்றேன்!"