தெற்குச் சுவரின் நிழல்

சுவரை இடித்து மூன்று மணி நேரம் ஆகியும் அதன் நிழலில் ஒரு துண்டு மட்டும் மொட்டைமாடித் தரையை விட்டுப் போகவில்லை.

தண்ணீர் கொட்டிய ஈரம் என்றுதான் நிர்மலாதேவி முதலில் நினைத்தாள். கொத்தனார் உடைத்த செங்கல்லின் தூசி இன்னும் மூக்கில் நெடியடிக்க, பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடிக்க, தை மாதத்து வெயில் மேற்கே சாய்ந்து தரையில் பதித்த தட்டோட்டின் மேல் மஞ்சளாகக் கிடக்க, எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. காலால் தடவிப் பார்த்தாள். ஈரமில்லை. ஆனால் அந்த இடம் மட்டும் சில்லென்றிருந்தது.

சோலார் பேனல் வைத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தான். மாடியை அளக்க வந்த பிரேம்குமார், "அக்கா, தெக்குச் செவுரு ஆளுயரம் நிக்குது, நெழல் பேனல் மேலயே வுழும். மேல ஒசத்திக் கட்டுனத எடுத்துட்டுப் பழைய அளவுக்கு எறக்கிடுங்க. அப்புறமும் எங்கெல்லாம் நெழல் வுழுதோ, செங்கல்லால கோடு போட்டு வைங்க. நாளைக்கு வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கணவர் சக்கரபாணி மட்டும், "பேனல் வச்சிக்கோ. அந்தச் செவுத்துல கை வைக்காத" என்றிருந்தார். அவர் பெரிய மார்க்கெட் வெங்காய மண்டிக்கு மூட்டை தூக்கப் போன நேரம் பார்த்து இடிக்கச் சொல்லிவிட்டாள்.

அவர் பயம் அவளுக்குப் புரியாததல்ல. ஒன்பது வருஷத்துக்கு முன், அந்தச் சுவர் முழங்கால் உயரம் இருந்தபோது, துணி காயப்போட வந்த அவள் தங்கை தனக்கொடி இங்கிருந்துதான் தவறி விழுந்து செத்தாள். காரியம் முடிவதற்குள் சக்கரபாணி சுவரை உயர்த்திவிட்டார். இப்படி ஒரு மனுஷனா என்று நிர்மலாதேவி உருகிப்போனாள். அவருக்காக, விசாரிக்க வந்த சிவப்புத் தொப்பி போலீஸ் ஏட்டிடம் ஒரு பொய்யும் சொன்னாள். "கீழ எங்கூடத்தான் சாப்ட்டுட்டு இருந்தாரு." உண்மையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். 'போலீஸ்காரன் சும்மா இழுத்தடிப்பான், ஒரு வார்த்தை சொல்லிடு' என்று அவர்தான் கெஞ்சினார். அன்று காலை தனக்கொடி, "அக்கா, மாமாவப் பத்தி ஒண்ணு பேசணும்" என்றதும், சாயங்காலம் பேசலாமென்று இவள் தள்ளிப்போட்டதும் ஏட்டுக்குத் தெரியாது.

செங்கல் துண்டை எடுத்து அந்தக் கறுப்பைச் சுற்றிக் கோடிழுத்தாள். தோள் வந்தது. குனிந்த தலை வந்தது. இடுப்பு வரை தொங்கும் பின்னல் வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். சுவரோரம் யாருமில்லை, வெயில்தான்.

பின்னல் மெல்ல ஆடியது.

அதன் பின்னால் இன்னொரு நிழல் ஊறி வந்தது. ஓடவேண்டும் என்று கால் துடித்தது, கை நிற்கவில்லை. அதையும் சுற்றி வரைந்தாள். ஆண். மூட்டை தூக்கித் தூக்கி இடது தோள் சரிந்த ஆண். முன்னால் நீண்ட இரண்டு கைகள்.

அந்தத் தோளில் தலை வைத்துத்தான் அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் தூங்கியிருக்கிறாள். சுவர் யாரையும் காப்பாற்றக் கட்டியதல்ல. இதை மூடக் கட்டியது. பாவி! அவள் வாயாலேயே தங்கையைப் புதைக்க வைத்துவிட்டான்.

படியில் செருப்புச் சத்தம்.

"யாரு இடிக்கச் சொன்னது?"

சக்கரபாணி மாடிக் கதவருகே நின்றான். முகத்தில் முழு வெயில். குரலில் கோபமே இல்லை.

அவன் காலடியில் நிழலும் இல்லை.

அவள் பின்வாங்கினாள். முழங்காலில் சுவர் இடித்தது. அவன் நடந்து வந்தான். நிதானமாக. தரையில் வரைந்த ஆணின் கால்களில் தன் கால்களை வைத்தான். சரியாகப் பொருந்தியது. கீழே பார்த்தாள். தனக்கொடியின் கோட்டுக்குள் இப்போது கிடந்தது அவள் நிழல்.

அவன் கைகள் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. நிழலின் கைகள் அவளைத் தொட்டுவிட்டன.